சைக்கிள் ஸ்டாண்டில் கேட்ட படம்

நான் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை.
தண்டையார்பேட்டை மங்களவிலாஸ் டாக்கீஸ் பின்சுவரில்
முதுகைச் சாய்த்து இருபத்தோரு நாள் கேட்டேன்.
பேர்தான் சைக்கிள் ஸ்டாண்டு.
சைக்கிள் ஒன்றே ஒன்று, அதுவும் ஆபரேட்டருடையது.

ஏழு பத்துக்கு இன்ஸ்பெக்டர் சாக்கடையில் விழுவார்.
ஏழரைக்கு, அணிவகுப்பில், கொடியேற்றும் அமைதியில்,
ஏட்டுக்கு வயிறு சத்தம் போடும்.
அப்போது சுவர் அதிரும்.
என் முதுகெலும்பு கணக்கு வைக்கும்:
இன்றைக்கு ஹவுஸ்புல், இன்றைக்குப் பாதி.

படம் விட்டால்
டோக்கனும் அபிப்பிராயமும் ஒரே கையில் நீளும்.
"இன்னாபா படம் இது, கதன்னு ஒன்னு கீதா?"
என்றார் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் கஜபதி.
அவருக்கு இது மூணாவது தபா.
தேவகிருபை முகத்தைச் சுளித்தாள்:
"த்தூ, பசங்கள இட்டுனு வர்ற படமா?"
பின்சீட்டில் அவள் பசங்க ரெண்டும்
புறங்கையை வாயில் வைத்து
அந்தச் சத்தத்தைப் பழகிக்கொண்டிருந்தன.

ரிட்டயர்டு ஏட்டு நாகபூஷணம் மட்டும் கோபமாக வந்தார்.
"ஏட்டுக்கு மூணு பட்டை. ரெண்டுதான் தச்சிருக்கான்.
விசாரிக்காம எடுக்கறானுங்க."
சிரிச்சீங்களா சார் என்றேன்.
"அது வேற" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

எட்டே காலுக்கு லாக்கப் சீன்.
லத்தி வளைந்து வளைந்து
அடிப்பவர் மூஞ்சியிலேயே பட்டு, பட்டு,
தியேட்டரே உருளும்.
"நல்லாதான் பண்ணிக்கிறான்" என்றான் ஏசுபாதம்,
மடங்காத வலது காலை வண்டிக்கு மேல் தூக்கிப் போட்டு.
"ரப்பர்ல செஞ்சா லத்தி காமெடிதான்."
கிக்கரை நான் உதைத்துக் கொடுத்தேன்.

பதினோராவது நாள், செகண்ட் ஷோ விட்ட நேரம்,
கேட்டை மறித்து நின்றது ரோந்து ஜீப்.
ஆர்சி, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ்.
இரண்டரை மணிநேரம் போலீஸைப் பார்த்து
வயிறு வலிக்கச் சிரித்த கூட்டம்
சட்டைப்பையைத் தடவியது.
எஸ்.ஐ.க்கும் தொப்பை,
படத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் சின்னது.
"இன்னாடா மொறைக்கிற?"
யாரும் முறைக்கவில்லை.
யாரும் அவரைப் பார்க்கவே இல்லை,
பார்த்தால் வந்துவிடும்.

அப்போது பல்சர் வரிசைக்குப் பின்னால் எங்கேயோ
ஒரு புறங்கை, ஒரு வாய்.
ஏழரை மணிச் சத்தம், அசல்.

மணலிப் பக்கம் இருந்து வரும் எண்ணெய் நாற்றம்கூட
அப்படியே நின்றது.
"யார்ரா அவன்?"
நூற்றைம்பது பேர் தரையைப் பார்த்தோம்.
ஜீப் ஓட்டி வந்த சின்ன வயசு போலீஸ்காரர்
ஸ்டீயரிங்கில் நெற்றியைக் கவிழ்த்தார்.
தோள் குலுங்கியது.
நெற்றி அழுந்தி ஆரன் அடித்தது,
நீளமாக.

எஸ்.ஐ. ஆறு வண்டிக்கு ஃபைன் எழுதினார்.
ஆரனுக்கு என்ன எழுதினாரோ தெரியாது.

இரண்டு நாள் கழித்து, மேட்னிக்கு,
கட்டம் போட்ட சட்டையில் அந்த டிரைவர் வந்தார்.
பத்து ரூபாய் நீட்டினார்.
வேணாம் சார் என்றேன்.
"டோக்கன் குடு" என்றார்.

நாலே காலுக்குச் சுவர் அதிர்ந்தபோது
அவர் என் பக்கத்தில் நின்றிருந்தார்,
கையில் டீ கிளாஸ், குடிக்காமல்.
நான் கேட்கவில்லை.
உள்ளே சிரிப்பு ஓய்ந்ததும்
டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போனார்.

விட்டதும் கேட்டேன், படம் எப்டி சார்?
"செகண்ட் ஆஃப் இழுவை."

வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள்.
இப்போது ஏதோ பேய்ப் படம்.
சுவர் சும்மா கிடக்கிறது,
பயந்தால் ஜனம் அவ்வளவாகச் சத்தம் போடுவதில்லை.
நூத்திப்பதினாலாம் நம்பர் டோக்கனை
அவர் பாக்கெட்டிலேயே கொண்டுபோய்விட்டார்.
அட்டை வெட்டிப் புதுசாக எழுத வேண்டும்.